எல்டிஆருக்கு எத்தனை கிலோ ஓம் போடுவது? ஸ்லாட் கார் சுற்று எண்ணி பகலில் தவறவிடுகிறது

திருநகர்_டிராக் (இழை தொடங்கியவர்)

வணக்கம். மாடி அறையில் பையனுக்கும் அக்கா மகனுக்கும் சேர்த்து இரண்டு லேன் ஸ்லாட் கார் பாதை செய்திருக்கிறேன். 12 மிமீ பிளைவுட், ஆசாரி ரூட்டர் வைத்துப் பள்ளம் எடுத்துக் கொடுத்தார், இரண்டு பக்கமும் செம்பு டேப். ஒரு சுற்று கிட்டத்தட்ட 9 மீட்டர். கார்கள் 1:32 அளவு. பாதை நன்றாக ஓடுகிறது. சிக்கல் நேரக் கணக்கில்தான்.

தொடக்கக் கோட்டில் ஒவ்வொரு லேனிலும் பள்ளத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி 5 மிமீ துளை போட்டு, அடியிலிருந்து எல்டிஆர் (வெளிச்சம் கூடினால் ஓம் குறையும், இருட்டில் ஏறும் சென்சார்) ஒன்றைச் செருகியிருக்கிறேன். ஜிஎல்5528 வகை. 5 வோல்ட்டிலிருந்து எல்டிஆர், அங்கிருந்து ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி ஓட்டும் சின்னப் பலகை) பலகையின் பின் (இணைப்புக் கால்), அதே இடத்திலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். கார் மேலே வந்தால் நிழல் விழும், பின் தாழும், ஒரு சுற்று ஏறும். ஒரு முறை எண்ணியபின் 2 விநாடிக்கு எதையும் கண்டுகொள்ளாதே என்று நிரலில் எழுதியிருக்கிறேன்.

மெதுவாக ஓட்டினால் ஒன்றும் விடுவதில்லை. பிள்ளைகள் வேகம் பிடித்ததும் நாலு சுற்றில் ஒன்றை விட்டுவிடுகிறது. அதிலும் பகலில், சன்னல் திறந்திருக்கும்போது அதிகம். ராத்திரி ஓரளவு சரியாக எண்ணுகிறது. வெளிச்சம் கூடினால் நிழலும் அழுத்தமாகத்தானே விழ வேண்டும்?

மல்டிமீட்டரில் பார்த்தேன். வெளிச்சத்தில் 900 ஓம் சுமார். விரலால் மூடினால் 300 கிலோவைத் தாண்டுகிறது. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஏன் விடுகிறது? 10 கிலோவை மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது, மேலே போவதா கீழே போவதா தெரியவில்லை.

பைகாரா_வாசகர்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஸ்லாட் கார் என்றால் ரிமோட் காரா?

திருநகர்_டிராக்

இல்லைங்க. பாதையில் ஒரு பள்ளம் இருக்கும், காரின் முன்னால் கீழே ஒரு தகடு அதில் இறங்கி வழி பிடித்துப் போகும். பள்ளத்தின் இரு பக்கமும் உள்ள செம்பிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட். கையில் உள்ள கன்ட்ரோலரை அழுத்தினால் வேகம் கூடும், திருப்பும் வேலை நமக்கு இல்லை. வளைவில் அளவுக்கு மீறி அழுத்தினால் கார் பள்ளத்தைவிட்டுத் தெறித்துவிடும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் 1957இலேயே இங்கிலாந்தில் விற்க ஆரம்பித்த விளையாட்டு. நம் ஊரில் பாதையைக் கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால்தான் பிளைவுட்டில் இறங்கினேன்.

சோல்டர்_செல்லூர்

தம்பி, விரலால் மூடிப் பார்த்த அளவை மறந்துவிடுங்கள். கார் விரல் மாதிரி நின்று மூடாது.

எல்டிஆர் சோம்பலான பொருள். ஜிஎல்5528க்கு விவரத்தாளில் போட்டிருக்கும் நேரமே வெளிச்சத்துக்கு 20, இருட்டுக்கு 30 மில்லி விநாடி. இருட்டில் 1 மெகா ஓம் என்று போட்டிருப்பதும் பத்து விநாடி இருட்டில் வைத்த பிறகு எடுத்த கணக்கு. உங்கள் கார் 14 சென்டிமீட்டர் இருக்குமா? நேர்ப்பாதையில் விநாடிக்கு 4 மீட்டர் போகிறது என்று வைத்தால், எல்டிஆருக்கு மேல் அது இருப்பதே 35 மில்லி விநாடி. 300 கிலோ வரை ஏற அதற்கு நேரமே கிடையாது. பாதி வழி ஏறும்போதே கார் போய்விடும். ஒன்றரை மீட்டர் வேகத்தில் போனால் 90 மில்லி விநாடிக்கு மேல் கிடைக்கிறது, அதனால்தான் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் விடுவதில்லை.

ஆகவே கார் ஓடும்போது எல்டிஆர் எத்தனை ஓம் வரை ஏறுகிறது என்று தெரிய வேண்டும். மல்டிமீட்டர் அதைக் காட்டாது, அதற்குள் கார் அடுத்த வளைவில் இருக்கும். ஆர்டுயினோவை வைத்தே அளக்கலாம். எல்டிஆர் வயரை அனலாக் பின்னுக்கு மாற்றுங்கள், அது 0 முதல் 5 வரையுள்ள வோல்ட்டை 0 முதல் 1023 வரை எண்ணாகத் தரும். திரும்பத் திரும்பப் படித்து, இதுவரை வந்த மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் மட்டும் நினைவில் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு முறை திரையில் காட்டு என்று பத்து வரி எழுதினால் போதும். ஒரு படிப்புக்கு பத்தில் ஒரு மில்லி விநாடிதான் ஆகும், காரைத் தவறவிடாது. பையனை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லி இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.

திருநகர்_டிராக்

அண்ணே, எழுதிப் பார்த்தேன். மத்தியானம் மூன்று மணி, சன்னல் திறந்திருக்கிறது. பெரியது 939. சிறியது, முழு வேகத்தில் 426. விரலால் மூடினால் 33க்கு இறங்குகிறது. நீங்கள் சொன்னது அப்படியே தெரிகிறது.

சோல்டர்_செல்லூர்

அருமை. இப்போது கணக்குப் போடலாம். 1023லிருந்து அந்த எண்ணைக் கழித்து, அதே எண்ணால் வகுத்து, கீழே போட்டிருக்கும் 10 கிலோவால் பெருக்கினால் எல்டிஆரின் ஓம் வரும்.

939 என்றால் 900 ஓம் சுமார். மல்டிமீட்டரோடு ஒத்துப்போகிறது. 426 என்றால் 14 கிலோ. ஆக, ஓடும் கார் போடும் நிழல் உங்களுக்கு 14 கிலோதான்.

10 கிலோவோடு இது என்ன வோல்ட் தருகிறது? வெளிச்சத்தில் 4.6 வோல்ட், நிழலில் 2.1 வோல்ட். ஊனோவில் உள்ள சிப் 5 வோல்ட்டில் ஓடும்போது, 1.5 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் தாழ்வு என்று உறுதியாக எடுக்கும், 3 வோல்ட்டுக்கு மேலே போனால்தான் உயர்வு என்று உறுதியாக எடுக்கும். நடுவில் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் 2.1 அந்த நடுவில் நிற்கிறது. அதனால்தான் ஒரு சமயம் எண்ணுகிறது, ஒரு சமயம் விடுகிறது. நிரலில் தேடினாலும் கிடைக்காது, தவறு அங்கே இல்லை.

பகலில் ஏன் மோசம் என்று கேட்டீர்கள். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது. காருக்கு அடியிலும் கொஞ்சம் நுழையும், நிழல் முழு நிழலாக இருக்காது. எல்டிஆர் கிளம்பும் இடமே 900 ஓம் என்று கீழே இருக்கிறது, 35 மில்லி விநாடியில் அது ஏறும் உயரமும் குறைவு.

கீழே போடும் ரெசிஸ்டருக்கு ஒரு நல்ல வழி உண்டு. வெளிச்ச ஓமையும் நிழல் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அந்த மதிப்பில்தான் இரண்டு வோல்ட்டுக்கும் இடையே இடைவெளி அதிகபட்சம் கிடைக்கும். 0.9ஐ 14ஆல் பெருக்கினால் 12.6, வர்க்கமூலம் 3.55. கடையில் கிடைப்பது 3.3 கிலோ. ஆரஞ்சு, ஆரஞ்சு, சிவப்பு. அதைப் போட்டால் வெளிச்சத்தில் 3.9, நிழலில் 0.95. இரண்டு எல்லைக்கும் வெளியே நன்றாகத் தள்ளி நிற்கும்.

கீழே போக வேண்டும் என்றதும் 470 ஓம் அளவுக்கு இறங்கிவிடாதீர்கள். அப்போது வெளிச்சத்திலேயே 1.7 வோல்ட்தான் வரும், எப்போதும் நிழல் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

உசிலை_எலக்ட்ரானிக்ஸ்

இதற்கெல்லாம் கணக்கு எதற்கு? அனலாகிலேயே படித்து, நிரலில் 600க்குக் கீழே போனால் சுற்று என்று வைத்தால் முடிந்தது. 10 கிலோ அப்படியே இருக்கட்டும்.

சோல்டர்_செல்லூர்

அதுவும் செய்யலாம், தப்பில்லை. ஆனால் 10 கிலோவில் இரண்டரை வோல்ட்தான் இடைவெளி, 3.3இல் மூன்று வோல்ட். வெளிச்சம் மாறும் அறையில் அந்த அரை வோல்ட் பெரிய விஷயம். ரெசிஸ்டரைச் சரியாகப் போட்டுவிட்டு அப்புறம் நிரலில் எல்லை வைத்தால் இரட்டை நன்மை. அந்த எல்லை 600 என்று ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. கீழே போக ஒரு எண், மேலே திரும்ப ஒரு எண் என்று தள்ளி வையுங்கள். முன் சக்கரத்துக்குப் பக்கத்து இடைவெளியில் வெளிச்சம் கசிந்து ஒரே கார் இரண்டு முறை காட்டும். இரண்டு எண் இருந்தால் அந்தச் சின்ன ஆட்டத்தைக் கணக்கில் எடுக்காது.

திருநகர்_டிராக்

3.3 கிலோ போட்டேன். நேற்று மத்தியானம் அறுபது சுற்று ஓட்டினார்கள். ஒன்றுகூட விடவில்லை. பையன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு எண்ணினான், இரண்டும் ஒத்துப்போனது. ரொம்ப நன்றி அண்ணே.

திருநகர்_டிராக்

அண்ணே, ராத்திரி எல்லாம் தலைகீழாகிவிட்டது. ட்யூப்லைட் மட்டும் போட்டு ஓட்டினோம். கார் போனாலும் எண்ணவில்லை. அதைவிட மோசம், பாதையில் காரே இல்லை, லேன் ஒன்றில் சுற்று தானாக ஏறிக்கொண்டே இருக்கிறது. சரியாக இரண்டு விநாடிக்கு ஒன்று. அக்கா மகன் "மாமா, நான் ஓட்டாமலே ஜெயிச்சுட்டேன்" என்கிறான். ரெசிஸ்டரை மாற்றியதில் வேறு எதையாவது கெடுத்துவிட்டேனா?

சோல்டர்_செல்லூர்

இரண்டு விநாடிக்கு ஒன்று என்றால் அது உங்கள் நிரலில் உள்ள காத்திருப்பு நேரம். அதாவது விடாமல் தூண்டுதல் வந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் வைத்த கதவு இரண்டு விநாடிக்கு ஒரு முறை திறக்கும்போதெல்லாம் ஒன்று உள்ளே வந்துவிடுகிறது.

இரண்டு கேள்வி. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்டிஆர் எத்தனை ஓம்? ஃபேன் ஓடுகிறதா?

திருநகர்_டிராக்

3 கிலோ. ஃபேன் ஓடுகிறது, இந்த வெயிலில் மாடியில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. ட்யூப்லைட் சுவரின் உச்சியில், ஃபேனுக்கும் மேலே இருக்கிறது.

நீங்கள் கேட்டதும் போய் ஃபேனை நிறுத்தினேன். எண்ணுவது நின்றுவிட்டது! மறுபடி போட்டேன், மறுபடி ஏறுகிறது. வெள்ளைத் தாளைத் தொடக்கக் கோட்டில் வைத்துப் பார்த்தால் இறக்கையின் நிழல் லேன் ஒன்றின் மேல் சர் சர்ரென்று போகிறது. லேன் இரண்டைத் தொடவில்லை. இவ்வளவு நாள் இது கண்ணில் படவே இல்லை.

சோல்டர்_செல்லூர்

அதேதான். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் விநாடிக்குப் பதினைந்து நிழல். 3 கிலோ எல்டிஆர், 3.3 கிலோ ரெசிஸ்டர் என்றால் வெளிச்சத்திலேயே 2.6 வோல்ட்தான். 3 வோல்ட்டைத் தொடவில்லை, உயர்வா தாழ்வா என்று தெரியாத இடத்தில் நிற்கிறது. இறக்கையின் மெல்லிய நிழலே அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளப் போதும். 10 கிலோ இருந்தபோது ராத்திரியில் 3.8 வோல்ட்டில் நின்றது, அதனால் தப்பித்தீர்கள்.

பகலுக்கு ஒரு ரெசிஸ்டர், ராத்திரிக்கு ஒரு ரெசிஸ்டர் என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. வெளிச்சத்தை நிலையாக்குங்கள், ரெசிஸ்டர் ஒரே மதிப்பில் நிற்கும். தொடக்கக் கோட்டுக்கு மேல் ஒரு வளைவு கட்டி அதில் விளக்கு வையுங்கள். எல்டிஆர் அந்த விளக்கை மட்டும்தான் பார்க்க வேண்டும். துளையில் ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கி, கருப்பு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கும் குழாய்) மாட்டினால் பக்க வெளிச்சம் வராது.

வாடிப்பட்டி_வயரிங்

விளக்குக்கு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் வாங்குங்க. மீட்டருக்கு 60 எல்இடி உள்ளதில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் வெட்டலாம், நாலு துண்டு நீளம் தாராளம். சோக் போட்ட ட்யூப்லைட் விநாடிக்கு நூறு முறை மினுக்கும், நல்ல டிசி அடாப்டரில் ஓடும் ஸ்ட்ரிப்பில் அந்தத் தொல்லை இல்லை.

ஒன்று முக்கியம். பாதைக்குக் கொடுக்கும் அடாப்டரிலிருந்தே விளக்குக்கு எடுக்காதீங்க. இரண்டு காரும் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்ட் இறங்கும், விளக்கு மங்கும், எல்டிஆர் அதை நிழல் என்று நினைக்கும். நான் பட்டிருக்கிறேன். கோவில் திருவிழாவுக்கு ஒரு தண்ணீர் மட்டக் காட்டி செய்து, மோட்டார் ஓடும்போதெல்லாம் தப்பாகக் காட்டி, இரண்டு நாள் தூக்கம் போனது.

சென்சார் வயரை பாதைக்குப் போகும் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்க. மோட்டார் பிரஷ் தீப்பொறி இரைச்சல் அதில் ஏறும். சென்சார் வயரையும் தரை வயரையும் முறுக்கிக் கொண்டுபோங்க. ஆர்டுயினோ பக்கத்தில் பின்னுக்கும் தரைக்கும் நடுவே 104 என்று எழுதிய கப்பாசிட்டர் (0.1 மைக்ரோ ஃபாரட்) ஒன்று போடுங்க. உங்கள் ரெசிஸ்டரோடு அது மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான் தாமதம் தரும், எல்டிஆரின் சோம்பலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

மேலூர்_டிப்ளமோ

வணக்கம் அண்ணே, நான் பாலிடெக்னிக்கில் இறுதி ஆண்டு படிக்கிறேன். எல்லாரும் எல்டிஆரையே காப்பாற்றப் பார்க்கிறீர்கள். போட்டோ டிரான்சிஸ்டருக்கு (வெளிச்சம் பட்டால் கரண்ட் விடும் டிரான்சிஸ்டர்) மாறிவிடலாமே? 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி ஒன்று வளைவில், போட்டோ டிரான்சிஸ்டர் பாதையில். மைக்ரோ விநாடிக் கணக்கில் வேலை செய்யும். எல்இடிக்கு 5 வோல்ட்டிலிருந்து 220 ஓம் போட்டால் 17 மில்லி ஆம்பியர். எரிகிறதா என்று மொபைலின் முன் கேமராவில் பார்த்தால் ஊதா நிறமாகத் தெரியும்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதற்கு எல்டிஆர் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு தாமதம் ஆவதால் கழித்தலில் அது போய்விடும். ஆனால் யார் முதலில் கோட்டைத் தொட்டார் என்பதற்குப் போதாது. இரண்டு லேனின் எல்டிஆரும் ஒன்றுபோல இருக்காது. விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் 30 மில்லி விநாடி வித்தியாசம் என்றால் 12 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு கார் நீளம்! முதலில் வந்த பிள்ளை தோற்றதாகத் திரை காட்டும். குழந்தைகளுக்கு அது பெரிய வருத்தம்.

சோல்டர்_செல்லூர்

தங்கச்சி சொல்வது நியாயம். கோட்டில் யார் முதல் என்பதற்கு எல்டிஆரை நான் நம்ப மாட்டேன். ஆனால் அங்கேயும் ரெசிஸ்டர் வேலை போகாது. போட்டோ டிரான்சிஸ்டருக்குப் பெரிய ரெசிஸ்டர் போட்டால் உணர்திறன் கூடும், வேகம் குறையும், சன்னல் வெயிலுக்கே நிரம்பிவிடும். வெயிலில் அகச்சிவப்பு நிறைய உண்டு. 10 கிலோவில் ஆரம்பித்து, வெயில் பட்டால் கீழே வரவேண்டும். ஸ்லீவும் திரைச்சீலையும் அதற்கும் வேண்டும்.

இன்னொன்று. கடையில் அகச்சிவப்பு சென்சார் என்று கேட்டால் டிஎஸ்ஓபி1738ஐ எடுத்துக் கொடுப்பார்கள். அது ரிமோட்டுக்கு உரியது, 38 கிலோ ஹெர்ட்ஸில் விட்டு விட்டு வரும் துடிப்புக்குத்தான் பதில் சொல்லும். தொடர்ந்து எரியும் எல்இடிக்கு அது ஆகாது. இரண்டு காலோடு எல்இடி மாதிரியே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

உசிலை_எலக்ட்ரானிக்ஸ்

எல்எம்393 (இரண்டு வோல்ட்டை ஒப்பிடும் சிப்) போட்ட எல்டிஆர் மாட்யூல் கிடைக்கிறதே, நீல ப்ரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) திருப்பினால் போதாதா? இருக்கும் எல்டிஆரை எடுத்துவிட்டு அதை மாட்டலாம்.

சோல்டர்_செல்லூர்

அந்த நீல ப்ரீசெட் எல்லையை மட்டும்தான் நகர்த்தும். எல்டிஆரோடு சேர்ந்த ரெசிஸ்டர் அந்தப் பலகையில் வழக்கமாக 10 கிலோ, நிலையானது. எல்லையை நகர்த்தியே சமாளிக்கலாம், அது உண்மை. ஆனால் இவருக்கு இரண்டு எல்டிஆர், இரண்டு குணம். லேனுக்கு ஒரு ப்ரீசெட் கீழ்ப் பக்கமே போட்டால் கைக்கு வசதி. 10 கிலோ ப்ரீசெட், அதோடு தொடரில் 1 கிலோ நிலையானது. அந்த 1 கிலோவை விட்டுவிடாதீர்கள் தம்பி. ப்ரீசெட்டைச் சுழியத்துக்குத் திருப்பி, அந்த நேரம் நல்ல வெயில் பட்டால் எல்டிஆர் நூறு ஓமுக்கு இறங்கி 5 வோல்ட்டை நேரே தாங்கும். அது தாங்கக்கூடிய நூறு மில்லி வாட்டைத் தாண்டிவிடும்.

திருநகர்_டிராக்

எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதிலேயே இருந்தோம்.

அரை அங்குல எலக்ட்ரிகல் பைப்பை வளைத்து, பாதைக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் வளைவு. 20 சென்டிமீட்டர் எல்இடி ஸ்ட்ரிப், தனி அடாப்டர். எல்டிஆர் இரண்டையும் ஸ்லீவ் போட்டுக் கீழே இறக்கினேன். சென்சார் வயரைப் பிரித்து முறுக்கி மறுபக்கமாகக் கொண்டுபோனேன், 104 போட்டேன்.

விளக்கைப் போட்டதும் அளந்தபோது எண் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து நின்றது. இது எதனால்?

லேன் ஒன்று: வெளிச்சம் 850 ஓம், ஓடும் நிழல் 13.5 கிலோ. லேன் இரண்டு: 1.3 கிலோ, 15 கிலோ. ஒரே பொட்டலத்தில் வாங்கியவை! வர்க்கமூலம் எடுத்து ப்ரீசெட்டைத் தொடரிலுள்ள 1 கிலோவோடு சேர்த்து முதலாவதை 3.4க்கும் இரண்டாவதை 4.4க்கும் வைத்தேன்.

சோல்டர்_செல்லூர்

எல்டிஆருக்கு நினைவு உண்டு. இருட்டில் கிடந்துவிட்டு வந்தால் ஒரு அளவு காட்டும், வெளிச்சத்தில் இருந்தால் வேறு அளவு. அதனால் விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான் ப்ரீசெட்டைத் தொட வேண்டும். பந்தயத்துக்கும் அப்படியே, பிள்ளைகள் காரின் டயரைத் துடைக்கும் நேரத்தில் விளக்கைப் போட்டுவிடுங்கள். பொட்டலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 10 லக்ஸ் வெளிச்சத்தில் 10 முதல் 20 கிலோ ஓம் வரை இருக்கலாம் என்றுதான் செய்தவர்களே சொல்கிறார்கள்.

மத்தியானம், ராத்திரி, ஃபேனோடு ஒரு முறை, ஃபேன் இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

திருநகர்_டிராக்

ஓட்டியாயிற்று அண்ணே. மத்தியானம் சன்னல் திறந்து நூறு சுற்று, ராத்திரி ஃபேனோடு நூறு சுற்று. பையன் நோட்டில் போட்ட கோடும் திரையும் இரண்டு முறையும் ஒன்றுதான், ஒரே ஒரு இடம் தவிர. லேன் இரண்டில் ஒரே ஒரு முறை இரட்டையாக ஏறியது, கார் தெறித்து விழுந்ததைக் கையால் எடுத்து வைத்தபோது கை மறைத்திருக்கிறது.

மேலூர் தங்கச்சிக்கு: நீங்கள் சொன்னது சனிக்கிழமை நடந்துவிட்டது. கடைசிச் சுற்றில் இரண்டு காரும் ஒட்டி வந்தன, நான் கோட்டுக்கு நேரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா மகனின் கார் மூக்கு முந்தியது. திரை என் பையனை முதல் என்று காட்டியது. சின்னவன் முகம் வாடிவிட்டது. போட்டோ டிரான்சிஸ்டர் நாலு, எல்இடி நாலு சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் உங்களிடம்தான் கேட்பேன்: 3 மிமீ அளவு என்றால் பள்ளத்தின் சுவரிலேயே எதிரெதிரே வைத்து, வழிகாட்டித் தகடு மறைக்கிற மாதிரி செய்யலாமா?

மேலூர்_டிப்ளமோ

செய்யலாம் அண்ணே, அதுதான் நல்ல இடம். வெளி வெளிச்சம் அங்கே எட்டாது. தகடு 2 சென்டிமீட்டர் இருந்தால் 4 மீட்டர் வேகத்தில் 5 மில்லி விநாடிதான் மறைக்கும், எல்டிஆருக்கு அது தெரியவே தெரியாது, இதற்குத் தாராளம். குறுக்கீட்டுப் பின்கள் (மாற்றம் வந்த உடனே நிரலை இடைமறித்துக் கவனிக்க வைப்பவை) ஊனோவில் 2, 3 என்று இரண்டு இருக்கின்றன, லேனுக்கு ஒன்றாக அவற்றிலேயே கொடுங்கள். பள்ளம் 12 மிமீ பலகையில் எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்லுங்கள், துளையின் உயரத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

திருநகர்_டிராக்

8 மிமீ. தகடு 6 மிமீ இறங்குகிறது. ஆசாரியை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.